பணம் கட்டியாச்சு, வசதி எங்கே? டெஸ்லா ஆட்டோபைலட் தாமதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டுநருக்கு உதவும் வசதிகளை முதலில் விற்றுவிட்டு, பிறகு சாஃப்ட்வேர் அப்டேட்டில் அனுப்புகிறோம் என்று சொல்லும் பழக்கம் இன்று பல கார் கம்பெனிகளிடம் இருக்கிறது. இதைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது அமெரிக்க மின்சாரக் கார் கம்பெனியான டெஸ்லா, 'ஆட்டோபைலட்' என்ற தன் ஓட்டுநர் உதவி வசதியோடு. அதனால் இங்குள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்தக் கம்பெனியைப் பற்றியவை. இந்தியாவில் கார் வாங்கப்போகிறவர்களுக்கானவை கடைசிப் பகுதியில் இருக்கின்றன.

முதலில், என்னதான் நடந்தது?

2016 அக்டோபர் 19 அன்று டெஸ்லா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி தயாராகும் ஒவ்வொரு காரிலும், அது தானே ஓடுவதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இருக்கும் என்றது. எட்டு கேமரா, பன்னிரண்டு அல்ட்ராசோனிக் சென்சார், முன்பக்கம் ஒரு ரேடார், என்விடியா கம்ப்யூட்டர். இவையெல்லாம் காரிலேயே வந்துவிடும், இவற்றை இயக்கும் சாஃப்ட்வேர் மட்டும் பிறகு வரும். 'மேம்பட்ட ஆட்டோபைலட்' வேண்டுமென்றால் 5,000 டாலர். அதற்கு மேல் 3,000 டாலர் கட்டினால் 'முழுத் தானோட்டம்' (ஃபுல் செல்ஃப் டிரைவிங்). கார் வாங்கும்போதே கட்டாமல் பிறகு கட்டினால் இரண்டுக்கும் தலா 1,000 டாலர் கூடுதல். இல்லாத பொருளுக்கு முன்பணம் கட்ட வைத்தது இந்த ஆயிரம் டாலர்தான்.

கார் வந்தது. அதில் 'மேம்பட்ட' வசதிகள் இல்லை. அதைவிட மோசம், முந்தைய வருடத்துக் காரில் இருந்தவையும் இல்லை. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோல், பாதைக்குள் வண்டியைப் பிடித்து வைக்கும் வசதி, மோதல் எச்சரிக்கை, தானியங்கி அவசர பிரேக் ஆகிய நான்கும் தற்காலிகமாகக் கிடையாது. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ் கார் வைத்திருந்தவர் ஹைவேயில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அதைவிட அதிகம் கொடுத்துப் புதுசு வாங்கியவர் சாதாரண குரூஸ் கன்ட்ரோலோடு போய்க்கொண்டிருந்தார்.

பழைய காரில் ஓடியது புதிய காரில் ஏன் ஓடவில்லை?

பழைய காரில் பார்வை வேலையைச் செய்தது மொபிலை என்ற இஸ்ரேல் கம்பெனியின் சிப். சாலைக் கோடு எது, லாரி எது, மனிதர் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை அதற்குள்ளேயே முடிந்துவிடும். டெஸ்லா அதன் மேல் தன் சாஃப்ட்வேரை எழுதியிருந்தது. 2016 மே மாதம் ஃபுளோரிடாவில், ஆட்டோபைலட்டில் போன ஒரு மாடல் எஸ் குறுக்கே திரும்பிய லாரியில் மோதி ஓட்டுநர் இறந்தார். ஜூலையில் இரண்டு கம்பெனிகளும் பிரிகின்றன என்ற செய்தி வந்தது. செப்டம்பரில் வெளிப்படையாகவே ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள்.

சிப் போனதோடு அதற்குள் இருந்த வருடக்கணக்கான உழைப்பும் போய்விட்டது. சாலைக் கோட்டை அடையாளம் காண்பதிலிருந்து எல்லாவற்றையும் டெஸ்லா தானே எழுத வேண்டிய நிலை. அதே சமயத்தில் குழுவின் தலைமையும் நிலையாக இல்லை. ஆட்டோபைலட்டை நடத்திவந்த ஸ்டெர்லிங் ஆண்டர்சன் 2016 டிசம்பரில் விலகினார். 2017 ஜனவரியில் வந்த கிறிஸ் லாட்னர் ஜூனில் கிளம்பிவிட்டார்.

ஆக, தாமதத்துக்கு உண்மையான காரணம் இருந்தது. சமையல்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், புது ஆள் இப்போதுதான் அடுப்பு மூட்டுகிறார் என்று சொல்லியிருந்தால் பலர் பொறுத்திருப்பார்கள். பந்தியில் இலை போட்டுவிட்டு 'போன தடவையைவிடப் பெரிய விருந்து' என்றதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

தற்காலிகமாக இல்லை என்று டெஸ்லா அன்றே சொல்லிவிட்டதே. அப்புறம் என்ன புகார்?

சொன்னது உண்மைதான். அறிவிப்பிலேயே அந்தப் பத்தி இருந்தது. ஆனால் கூடவே ஒரு மாதமும் சொன்னார்கள்: டிசம்பர் 2016. இரண்டு மாதம்தானே என்று நினைத்துத்தான் மக்கள் கையெழுத்துப் போட்டார்கள். 'எப்போது வருமென்று தெரியாது' என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்?

டிசம்பரில் வந்ததா?

டிசம்பர் 31 அன்று முதல் 1,000 கார்களுக்குப் போகத் தொடங்கியது. மற்றவர்களுக்கு ஜனவரியில். அதிலும் தானியங்கி ஸ்டீயரிங் மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் வேலை செய்யாது. ஹைவேக்காக வாங்கிய வசதி ஹைவேயின் நெரிசல் நேரத்துக்கு மட்டும்தான் உதவியது. வேகவரம்பைத் தவணை தவணையாக உயர்த்தினார்கள். மார்ச் கடைசியில்தான் ஹைவே வேகத்துக்கு வந்தது. வந்த பிறகும் வண்டி பாதைக்குள் அலைபாய்கிறது, குடித்தவர் ஓட்டுவதுபோல் இருக்கிறது என்று பழைய கார் வைத்திருந்தவர்களே ஒப்பிட்டுச் சொன்னார்கள்.

வைப்பர் விஷயம் என்ன? அதை ஏன் எல்லோரும் இன்னும் சொல்கிறார்கள்?

மழை பெய்தால் தானாக ஓடும் வைப்பர் பெரிய தொழில்நுட்பமே இல்லை. கண்ணாடியில் ஒட்டிய ஒரு சின்ன சென்சார் போதும், நடுத்தர விலைக் கார்களில்கூட இருக்கிறது. பழைய மாடல் எஸ்ஸிலும் இருந்தது. புதிய கார்களில் டெஸ்லா அதை எடுத்துவிட்டது. மழைத்துளியைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம். கேமராவுக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2017 முடிந்து 2018 பிறக்கும் சமயத்தில்தான், அதுவும் 'பீட்டா', அதாவது சோதனைப் பதிப்பு, என்ற ஒட்டுடன், தானியங்கி வைப்பர் வந்தது. வந்தபின், வெயிலில் ஓடுகிறது, தூறலில் தூங்குகிறது என்ற புகார் பல வருடம் ஓயவில்லை.

கார் தானாகவே கண்டத்தைக் கடக்கும் என்று சொன்னவர்களின் வண்டியில், மழை வந்தால் கையால் வைப்பரைப் போட வேண்டியிருந்தது. பலருக்கு ஸ்டீயரிங் தாமதத்தைவிட இதுதான் மனதில் தங்கிவிட்டது.

பாதுகாப்பு வசதியே தாமதமானதா?

ஆமாம். வைப்பரைச் சிரித்துக் கடந்துவிடலாம், இதை முடியாது. அவசர பிரேக் சொகுசு இல்லை. முன்னால் இருப்பதில் மோதப்போகிறோம் என்றால் கார் தானே பிரேக் போடுவது அது. 2016 அக்டோபருக்குப் பிறகு வந்த கார்கள் ஆறு மாதம் இது இல்லாமல் ஓடின. 2017 ஏப்ரலில், பொருட்களைச் சோதித்து மதிப்பெண் போடும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதைக் காரணம் காட்டி மாடல் எஸ்ஸின் மதிப்பெண்ணில் இரண்டைக் குறைத்தது. அந்த வார வாக்கில் அவசர பிரேக் வந்தும்விட்டது, ஆனால் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வரை மட்டும். அதன் பிறகுதான் வரம்பு உயர்ந்தது.

கார் தானாக ஓடும் வீடியோ ஒன்றைக் காட்டித்தானே விற்றார்கள்?

அந்த 2016 வீடியோவின் தொடக்கத்திலேயே, ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்துக்காக மட்டுமே உட்கார்ந்திருக்கிறார், அவர் எதுவும் செய்யவில்லை, கார் தானே ஓடுகிறது என்ற வாசகம் வரும். அது எப்படி எடுக்கப்பட்டது என்பது 2023 ஜனவரியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் மூலம் வெளியே வந்தது. ஒரு விபத்து வழக்கில் ஆட்டோபைலட் சாஃப்ட்வேர் தலைவர் அசோக் எல்லுசாமி கொடுத்த வாக்குமூலத்தில் அது இருந்தது. இவர் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஆட்டோபைலட் குழுவுக்கு முதலில் எடுத்த ஆள் இவர்தான் என்று டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க்கே சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது இதுதான்: கார் போன பாதை முன்கூட்டியே முப்பரிமாண வரைபடம் எடுத்து வைத்திருந்த பாதை. மென்லோ பார்க்கில் ஒரு வீட்டிலிருந்து பாலோ ஆல்ட்டோவில் அப்போதிருந்த தலைமையகம் வரை. சோதனை ஓட்டங்களில் ஓட்டுநர்கள் குறுக்கிட்டு வண்டியைக் கையில் எடுத்தார்கள். தானாகப் பார்க் செய்வதைக் காட்ட முயன்றபோது ஒரு கார் கம்பெனி வளாகத்து வேலியில் போய் மோதியது. வீடியோவின் நோக்கம் அன்று வாடிக்கையாளரிடம் இருந்ததைக் காட்டுவது இல்லை, இந்த அமைப்பில் எதையெல்லாம் உருவாக்க முடியும் என்று காட்டுவதுதான்.

நம்மூர் ஆள் பெரிய இடத்தில் இருப்பதில் எனக்கும் பெருமைதான். பிரமாணத்தின் கீழ் உள்ளதை உள்ளபடி சொன்னதற்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்த வாசகத்தை நம்பி 2016-இல் பணம் கட்டியவருக்கு 2023-இல் கிடைத்த விளக்கம் இது.

கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

2017 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஒரு குழு வழக்கு, அதாவது ஒரே குறை உள்ள எல்லோர் சார்பாகவும் ஒரே வழக்கு, போடப்பட்டது. மேம்பட்ட ஆட்டோபைலட் பயன்படுத்தவே முடியாத நிலையில், ஆபத்தாக இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. 2018 மே மாதம் 50 லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து டெஸ்லா சமரசம் செய்துகொண்டது. ஆளுக்கு 20 டாலரிலிருந்து 280 டாலர் வரை, எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து. வழக்கில் இல்லாத வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கும் அதே மாதிரி தருவோம் என்றார்கள். எதிர்பார்த்ததைவிட அதிக காலம் ஆகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

5,000 டாலருக்கு 280 டாலர். கல்யாண மொய் மாதிரி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முழுத் தானோட்டம் வாங்கியவர்களின் வழக்கு தனி. அதை கலிஃபோர்னிய வாடிக்கையாளர்களின் குழு வழக்காக நடத்தலாம் என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி 2025 ஆகஸ்டில்தான் அனுமதித்தார்.

முழுத் தானோட்டத்துக்குக் கட்டியவர்கள் எதைப் பெற்றார்கள்?

நீண்ட காலம், ஒன்றுமே இல்லை. 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரை ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஒரு கார் போகும் என்று மஸ்க் சொல்லியிருந்தார். அந்த வருடம் அது நடக்கவில்லை. 2019 ஏப்ரலில், அடுத்த வருடமே பத்து லட்சத்துக்கு மேல் ரோபோ டாக்சிகள் சாலையில் இருக்கும் என்றார். 2020 அக்டோபரில் நகரச் சாலைகளில் ஓட்டும் பீட்டா, பொறுக்கி எடுத்த சிலருக்குப் போனது. வட அமெரிக்காவில் பணம் கட்டிய எல்லோருக்கும் திறந்தது 2022 நவம்பரில். 2016-இல் கட்டியவருக்கு ஆறு வருடம்! ஐரோப்பாவில் கட்டியவர்களுக்கு 2025 முடியும்வரைகூட நகரச் சாலை வசதி திறக்கவில்லை.

இதற்கிடையில் விலை ஏறிக்கொண்டே போனது. 2022 ஜனவரியில் 12,000 டாலர், செப்டம்பரில் 15,000. தாமதமாகும் பொருளுக்கு விலை ஏறும் அதிசயத்தை இங்கேதான் பார்த்தேன். பிறகு இறங்கி, 2024 ஏப்ரலில் 8,000-க்கு வந்தது. உச்சத்தில் வாங்கியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். 2024 மார்ச் வாக்கில் பெயரோடு 'மேற்பார்வையுடன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. அதாவது முழுத் தானோட்டம், ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லீசுக்கு எடுத்தவர்கள் கதி?

லீஸ் பெரும்பாலும் மூன்று வருடம். வசதி வருவதற்குள் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வசதி காரோடு ஒட்டியது, கட்டியவரோடு வராது. சொந்தமாக வாங்கி விற்றவர்களுக்கும் இதே நிலைதான். புதுக் காருக்கு மாற்றிக்கொள்ள 2023-இல் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று அனுமதி கொடுத்தார்கள். அந்த ஒரு தடவை பிறகு பல தடவை வந்தது.

ஒரு முறை பட்ட பிறகு டெஸ்லா பாடம் கற்றிருக்குமே?

அப்படித்தான் நானும் நினைத்தேன். 2021 மே மாதம் வட அமெரிக்க மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை எடுத்தார்கள், இனி கேமரா மட்டும் என்று. கார் வந்தபோது தானியங்கி ஸ்டீயரிங்குக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் வரம்பு. நிறுத்திய காரை நம்மிடம் வரக் கூப்பிடும் ஸ்மார்ட் சம்மன் போன்ற சில வசதிகள் 'தற்காலிகமாக' இல்லாமல் போகலாம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அந்தக் கார்களுக்கான பட்டியலில் அவசர பிரேக் உள்ளிட்ட வசதிகளின் குறியை நீக்கியது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மாடல் 3-க்குக் கொடுத்திருந்த சிறந்த தேர்வு என்ற பட்டத்தைத் திரும்ப எடுத்தது. சோதித்துப் பார்த்தபின் குறியும் பட்டமும் திரும்பின.

2022 அக்டோபரில் அல்ட்ராசோனிக் சென்சார்களின் முறை. பம்பரில் இருக்கும் பொட்டு பொட்டான சென்சார்கள், பார்க்கிங்கில் சுவர் எவ்வளவு தூரம் என்று சொல்பவை. அவற்றை எடுத்ததும் பார்க்கிங் தூர எச்சரிக்கை போனது. தானாகப் பார்க் செய்வதும், காரைக் கூப்பிடும் வசதியும் கூடவே போயின. தூர எச்சரிக்கை 2023 மார்ச் வாக்கில் திரும்பியது, தானியங்கி பார்க்கிங் 2024-இல், ஸ்மார்ட் சம்மன் 2024 செப்டம்பரில். பத்தாயிரம் ரூபாய்க்கு வெளிக்கடையில் மாட்டக்கூடிய பார்க்கிங் சென்சார் இல்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டினார்கள்.

மூன்று தடவையும் நடந்தது ஒன்றே. புதியது தயாராகும் முன்பே பழைய பாகம் கழன்றது. கம்பெனிக்குப் பாகத்தின் செலவு அன்றே மிச்சம், வாடிக்கையாளருக்கு வசதி பின்னால் வரும்.

மற்ற கம்பெனிகள் யோக்கியமா?

இல்லை, ஆனால் நடந்துகொண்ட விதத்தில் வித்தியாசம் உண்டு. 2021 சிப் தட்டுப்பாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 2022 காடிலாக் எஸ்கலேட் காரில், ஹைவேயில் கையை எடுத்துவிட்டு ஓட்ட உதவும் சூப்பர் குரூஸைத் தற்காலிகமாக விட்டுவிட்டது. 2020-இல் ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-இன் முதல் வாடிக்கையாளர்களிடம், இரண்டு வசதி குறையோடு செப்டம்பரிலேயே எடுக்கிறீர்களா, முழுசாக வருடக் கடைசியில் எடுக்கிறீர்களா என்று கேட்டது. கேட்டது என்பதுதான் முக்கியம்.

வோல்வோ கதை சோகம். இஎக்ஸ்90 காரின் கூரை முகப்பில், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் சென்சாரைத் துருத்தி வைத்து, அதையே அடையாளமாக விளம்பரம் செய்தார்கள். 2024-இல் கார் கைக்கு வந்தபோது அது ஓட்டுநருக்கு உதவும் எந்த வேலையும் செய்யவில்லை. பிறகு 2026 மாடலில் லைடாரையே எடுத்துவிட்டார்கள். 2025 மாடல் வாங்கியவர்களுக்குக் காரின் மையக் கம்ப்யூட்டரை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். டெஸ்லாவோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை.

சாஃப்ட்வேர் என்றால் தாமதம் சகஜம்தானே? இவ்வளவு கோபம் தேவையா?

ஐடியில் வேலை செய்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. டெட்லைன் தவறுவது அவர்களுக்குத் தினசரி வாழ்க்கை. சரி, ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். ஆபீஸில் டெட்லைன் தவறினால் வாடிக்கையாளர் அடுத்த தவணையை நிறுத்திவைப்பார். இங்கே முழுப் பணமும் முதல் நாளே போய்விட்டது. தேதி தவறுவதால் விற்றவருக்கு நஷ்டமே இல்லை, வாங்கியவரின் காருக்கு மட்டும் வயசாகிறது.

என் சொந்த அனுபவமும் கொஞ்சம் உண்டு. கம்பெனி பெயர் வேண்டாம். டெலிவரி எடுத்த அன்று, பிரோஷரில் இருந்த பாதை உதவி வேலை செய்யவில்லை. "சார், ஓடிஏ அப்டேட்டில் வந்துடும்" என்றார் ஷோரூம் தம்பி, அதாவது இணையம் வழியாகவே காருக்கு வந்து சேரும் சாஃப்ட்வேரில். மூன்று சர்வீஸ் முடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம், தம்பி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இந்தியாவில் டெஸ்லா வாங்கினால் இந்த வசதி உண்டா?

2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்தபோது மாடல் ஒய் 59.89 லட்சம் ரூபாயிலிருந்து தொடங்கியது. முழுத் தானோட்டத்துக்கு மேலே 6 லட்சம் கேட்டார்கள், இங்குள்ள சாலையில் அது ஓடத் தொடங்கும் முன்பே. இந்தியர்களுக்கு இது முதல் காத்திருப்பும் இல்லை. 2016-இல் மாடல் 3-க்கு 1,000 டாலர் கட்டிப் பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது 2025 மே மாதம்.

அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) உள்ள புதுக் கார் வாங்கப்போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

டெஸ்ட் டிரைவில் நீங்கள் வாங்கும் அதே வேரியன்டைக் கேளுங்கள், டாப் மாடலில் ஓட்டிக் காட்டிவிட்டு வேறொன்றை விற்பார்கள். பிரோஷரில் வசதியின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 'பின்னர் வழங்கப்படும்' என்பது அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு வரும் என்று வாயால் சொன்னால், புக்கிங் படிவத்திலோ மின்னஞ்சலிலோ எந்த மாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது, அந்த வசதிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். டெலிவரி அன்று பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல், ஒவ்வொரு வசதியும் மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கியாச்சு, வரவில்லை. யாரிடம் புகார் செய்வது?

முதலில் கம்பெனிக்கு எழுத்தில். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் மாநில ஆணையம். ஆக டெஸ்லாக்காரர் நேரே மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 'அடுத்த அப்டேட்' என்று காத்திருந்தே அந்தக் கெடு ஓடிவிடும். ஒவ்வொரு தடவை சர்வீஸுக்கு விடும்போதும் ஜாப் கார்டில் இந்தக் குறையை எழுதவைத்து நகல் வாங்கி வையுங்கள்.

2016-இல் கட்டியவர்களின் நிலை இப்போது என்ன?

அவர்களுக்கு ஒரு முறை கம்ப்யூட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், 2019-இல் வந்த ஹார்டுவேர் 3. முழுத் தானோட்டத்துக்கு இது போதும் என்றார்கள். 2025 ஜனவரியில், அதுவும் போதாது, பணம் கட்டியவர்களுக்கு மறுபடி மாற்ற வேண்டியிருக்கும், அது வலிக்கும் வேலை என்று மஸ்க் ஒப்புக்கொண்டார். அந்த வருடம் மாற்றம் எதுவும் தொடங்கவில்லை. அக்டோபரில் கம்பெனி சொன்னது: பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற 'லைட்' பதிப்பு ஒன்றைத் தயாரிக்கிறோம், 2026-இன் இரண்டாம் காலாண்டில் எதிர்பார்க்கலாம்.